கோரங்கிக் கழியில் ஒரு பகல்

ஹுசேன் சாகர் ஏரியைப் பற்றி நம் நகரத்தார்க்குத் தனிப்பெருமை ஒன்று உண்டு. ‘சாகர்’ என்றால் கடல். 1562ஆம் ஆண்டில் அமைந்த ஏரிக்குக் கடல் என்று பெயரிட்டு, கடலில்லாத குறையை நானூற்றறுபது ஆண்டுகளாகத் தீர்த்துக்கொண்டு வருகிறோம். நம் தந்தையார் ஐதராபாத்துக்கு வந்த புதிதில் அவரை அங்கே அழைத்துச் சென்றோம். 1992இல் ஏரி நடுவே நிறுவப்பட்ட புத்தர் சிலை வரையில் விசைப்படகில் ஏற்றிக் காட்டினோம். அவர் சிலையைப் பார்க்கவில்லை. படகின் விளிம்பில் குனிந்து, விரலை நீரில் நனைத்து, நாவில் வைத்துப் பார்த்து, “குளந்தான்” என்றார். அந்த நீரைப் போய் நாவில் வைப்பதா என்று நம் இல்லாள் பதறியது வேறு கதை.

நாம் முத்துப்பேட்டைக்கு அடுத்த கழியோரச் சிற்றூரைச் சேர்ந்தவர்கள். தந்தையார் அலையாத்திக் காட்டினூடே வெட்டிய வாய்க்கால்களில் மீன் பிடித்தவர். நாமோ பத்தாம் வகுப்பைத் தேறி, தென்மத்திய ரயில்வேயில் கடைநிலை ஊழியனாகப் புகுந்து, துறைத்தேர்வு எழுதி, சிகந்தராபாத்தில் பயணச்சீட்டுக் குமாஸ்தாவாக ஆனோம். அலுவலகப் படிவங்களில் ‘தந்தையின் தொழில்’ என்ற இடத்தில் ‘விவசாயம்’ என்றே இத்தனை காலமும் எழுதி வந்திருக்கிறோம். ஏன் அப்படி எழுதினோம் என்று எவரும் கேட்டதில்லை, நாமும் கேட்டுக்கொண்டதில்லை.

2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் விடியற்காலையில் கஜா புயல் வேதாரணியத்துக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையே கரை ஏறிற்று. எங்கள் ஊரில் தென்னைகள் விழுந்தன. காடு இலையிழந்து நின்றது. வீட்டின் கூரை இருந்த இடம் தெரியவில்லை. தாயார் அதற்கு ஈராண்டு முன்பே காலமாகிவிட்டார். தனியே நின்ற தந்தையாரை அழைத்து வந்து லாலாகூடா ரயில்வே குடியிருப்பில் வைத்துக்கொண்டோம். நல்ல மகன் செய்யத்தக்கதைச் செய்தோம் என்ற திருப்தி நமக்கு இருந்தது.

அவருக்கு இங்கே குறை ஒன்றும் இல்லை. குறை இல்லாமையே குறையாயிற்றோ என்னவோ! தெலுங்கும் உருதும் அவர் செவியில் ஏறவில்லை. பிள்ளைகளோ பள்ளியில் மூன்று மொழி பேசி, வீட்டுக்கு வந்து நான்காவதாகத் தமிழைத் தொட்டுக்கொள்கிறவர்கள். தாத்தாவின் கழியோரத் தமிழ் அவர்களுக்குப் பாதி விளங்காது. காலையில் வாசற்படியில் அமர்வார். மாலையில் எழுந்து உள்ளே வருவார். மாதம் ஒருமுறை, சம்பளத் தேதி அறிந்தவர்போல, “தம்பி, ஊருக்கு ஒரு சீட்டுப் போட்டுத் தந்துடேன்” என்பார். பகலெல்லாம் கண்ணாடித் தட்டிக்குப் பின்னிருந்து முன்பின் அறியாதவர்க்கெல்லாம் சீட்டுக் கிழித்துக் கொடுக்கும் நாம், “அங்கே யார் இருக்கிறார்கள், அப்பா? யார் சோறு போடுவார்கள்?” என்று ஏதேனும் சொல்லித் தள்ளி வைப்போம். தங்கை முத்துப்பேட்டையிலேயே வாழ்க்கைப்பட்டிருக்கிறாள் என்பதை அந்த நேரத்தில் மறந்துவிடுவோம்.

நிற்க. சென்ற தை மாதத்தில், நம்முடன் வேலை பார்க்கும் காக்கிநாடா அன்பர் ஒருவர், “கடல்தானே வேண்டும்? கோரங்கிக்கு அழைத்துப் போங்கள். ஒரு பகல் படகில் வைத்துச் சுற்றிக் காட்டினால் மனம் ஆறிவிடும்” என்று யோசனை சொன்னார். இந்த யோசனை நமக்கு மிகவும் பிடித்துவிட்டது. முத்துப்பேட்டைக்கு அனுப்பாமலே முத்துப்பேட்டையைக் காட்டிவிடலாம் அல்லவா? சங்கராந்திக் கூட்டம் ஓய்ந்த பிறகு பாஸ் எழுதி வாங்கினோம். தந்தையாருக்கு அதில் இடமில்லை. கைம்பெண்ணான தாயாருக்குத்தான் பாஸ் உண்டு. ஆகவே அவருக்கு மட்டும் தனியே சீட்டு வாங்கி, கௌதமி விரைவு வண்டியில் இரவோடு இரவாகக் கிளம்பினோம்.

ராஜமகேந்திரவரத்தை வண்டி நெருங்கும்போது இன்னும் விடியவில்லை. கோதாவரிப் பாலத்தின் ஓசையில் விழித்து, தந்தையாரையும் எழுப்பினோம். பக்கத்தில், 1900ஆம் ஆண்டில் திறந்து 1997இல் ஓய்வு கொடுக்கப்பட்ட பழைய ஹேவ்லாக் பாலம் இருளில் கறுப்புக் கோடாகத் தெரிந்தது. பயணிகள் சிலர் நாணயத்தை ஆற்றில் எறிந்து கும்பிட்டார்கள். இந்த ஆற்றின் குறுக்கே தவளேசுவரத்தில் 1852இல் அணையைக் கட்டி முடித்த ஆர்தர் காட்டன்தான், அதற்கு முன் 1836இல் நம் கொள்ளிடத்தின் குறுக்கே அணைகளைக் கட்டியவர். இதைச் சொன்னதும் தந்தையார், “அப்போ இதுவும் நம்ம தண்ணி மாதிரிதான்” என்று சொல்லி, இடுப்பிலிருந்து ஒரு ரூபாயை எடுத்து எறிந்தார். சன்னற் கம்பியில் பட்டு அது உள்ளேயே விழுந்தது. சிறியவள் எடுத்து வைத்துக்கொண்டாள்.

காக்கிநாடாவில் பெசரட்டும் இஞ்சித் துவையலும் உண்டு, பிள்ளைகளுக்குக் காஜா வாங்கிக் கொடுத்து, ஏனாம் சாலையில் புறப்பட்டோம். ஏனாம் என்பது புதுச்சேரியைச் சேர்ந்த ஊர். ஆந்திரத்தின் நடுவே அந்தத் துண்டு நிலம் பிரெஞ்சுக்காரர் விட்டுச் சென்ற மிச்சம். எதிரே வந்த வண்டி ஒன்றில் புதுச்சேரிப் பதிவெண்ணைக் கண்டு நம் இல்லாள், “அடடே, நம்மூர் வண்டி!” என்று மகிழ்ந்தாள். வெளியூரில் வாழ்கிறவர்க்கு வண்டியின் எண்பலகை கூட உறவாகிவிடுகிறது.

அச்சாலையில் இருக்கிறது கோரங்கி. கௌதமி கோதாவரி கடலில் கலக்கும் இடத்தையொட்டிய இக்காட்டை 1978இல் வனவிலங்குச் சரணாலயமாக அறிவித்தார்கள். பரப்பு 235 சதுர கிலோமீட்டர். கோரங்கி ஆறு, காடேறு என்னும் கிளைகளும் எண்ணற்ற ஓடைகளும் அதனூடே பாய்கின்றன. தெலுங்கில் இக்காட்டை ‘மட அடவி’ என்கிறார்கள்.

இவ்வூரின் பழங்கதை துயரமானது. ஒரு காலத்தில் கப்பல் கட்டும் பெருந்துறையாக இருந்தது. 1789 டிசம்பரில் கடல் மூன்று பேரலைகளாக எழுந்து ஊரை வாரிக்கொண்டது. இருபதினாயிரம் பேர் மாண்டதாக எழுதியிருக்கிறார்கள். எஞ்சியவர் கட்டி எழுப்பியதை 1839 நவம்பரில் வந்த புயல் மீண்டும் அழித்தது. அதில் மாண்டோர் மூன்று லட்சம் என்று ஒரு கணக்கு உண்டு. அத்தொகையை ஐயுறுவாரும் உளர். ‘சைக்ளோன்’ என்னும் சொல்லை 1840களில் கல்கத்தாவிலிருந்து வழங்கிய ஹென்றி பிடிங்டன் ஆராய்ந்த புயல்களில் கோரங்கிப் புயலும் ஒன்று. துறைமுகம் போயிற்று, ஆனால் பெயர் போகவில்லை. கோதாவரிக் கரையிலிருந்து கூலி வேலைக்குப் பர்மா சென்ற தெலுங்கரை அந்நாட்டில் ‘கோரங்கிகள்’ என்றே அழைத்தார்கள். நம்மை வடக்கே ‘மதராசி’ என்பதுபோல என்று வைத்துக்கொள்ளலாம்.

சரணாலயத்தின் வாயிலிலிருந்து படகுத்துறை வரை, சேற்றின் மேலே மரப்பலகையாலான நடைபாதை செல்கிறது. அதில் கால் வைத்ததுமே தந்தையார் நின்றுவிட்டார். இருபுறமும் மண்ணைத் துளைத்துக்கொண்டு, ஆணிகளைத் தலைகீழாக அடித்தாற்போல வேர்கள் மேல்நோக்கி நின்றன. சேற்றில் காற்று இல்லாமையால் மூச்சு வாங்க மேலே வரும் வேர்கள் அவை. “அலையாத்தி” என்றார். அத்தனை மெதுவாக அவர் சொன்னதை நாம் மட்டுமே கேட்டோம்.

தாழ்ந்திருந்த ஒரு கிளையின் இலையைப் பறிக்காமல், அதன் மேற்பரப்பை விரலால் தடவி, பையனிடம் நீட்டினார். “நாக்குல வை, ஐயா.” பையன் தாயின் முகத்தைப் பார்த்தான். அவள் இம்முறை ஒன்றும் சொல்லவில்லை. நக்கிப் பார்த்தவன், “உப்பு!” என்று கூவினான். கடல்நீரை வேரால் குடித்து, வேண்டாத உப்பை இலை வழியே கக்கிவிடும் மரம் அலையாத்தி. அதன் பிறகு பையன் தொட்ட இலைகளுக்குக் கணக்கில்லை.

படகில் எங்களோடு இன்னும் ஏழெட்டுப் பேர் இருந்தனர். எல்லாருக்கும் மிதவைச் சட்டை கொடுத்தார்கள். தந்தையார் அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். படகோட்டி மும்முறை சொன்ன பிறகே, மாப்பிள்ளைக்கு மாலை போட்டாற்போலக் கூச்சத்தோடு அணிந்தார். படகோட்டி அக்கரையோரக் கிராமத்து மீனவர், ஐம்பது வயதிருக்கும். தெலுங்கைத் தவிர வேறு மொழி அறியார்.

ஓடை முதலில் குறுகலாகச் சென்று, பிறகு அகன்றது. விசைப்பொறியின் சத்தத்தைக் குறைத்ததும் காட்டின் ஒலி கேட்கத் தொடங்கியது. சேற்றில் நண்டுகள் ஒற்றைப் பெருங்கையை ஆட்டி யாரையோ அழைத்துக்கொண்டிருந்தன. மீனாகப் பிறந்தும் நீரில் இருக்கப் பொறுக்காமல் சேற்றுமீன்கள் கரையில் தத்தித் திரிந்தன. கருந்தலை மீன்கொத்தி ஒன்று, நீலப் பட்டும் செம்பவள மூக்குமாக, எங்களுக்கு முன்னே கிளை கிளையாய்ப் பறந்து வழிகாட்டியது. நத்தைக்குத்தி நாரைகள், மூடாத அலகோடு, மறந்துபோனதை நினைவுபடுத்திக்கொள்வோர்போல நின்றன. மேலே செம்பருந்து வட்டமிட்டது. நம் இல்லாள் கன்னத்தில் போட்டுக்கொண்டு, பிள்ளைகளையும் போட்டுக்கொள்ளச் செய்தாள்.

இக்காட்டின் பேர்பெற்ற பிராணி மீன்பிடிப் பூனை. நீரில் பாய்ந்து மீன் பிடிக்கும் காட்டுப்பூனை அது. 2018ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நூற்றுக்கு மேற்பட்டவை இங்கே உண்டு என்று கண்டிருக்கிறார்கள். இரவில் உலவுவதால் பகலில் வந்த நமக்கு அது காட்சி தரவில்லை. அதற்கு ஈடாக நீர்நாய்கள் வந்தன. ஒரு திருப்பத்தில் படகோட்டி பொறியை முற்றிலும் நிறுத்திவிட்டுக் கையால் காட்டினார். ஐந்து தலைகள். நீரில் வழுக்கிச் சென்று, கரையேறி, ஒன்றன்மேல் ஒன்று புரண்டு, ஒரு மீனுக்காகச் சண்டையிட்டு, திடீரென எங்களைக் கண்டு நிமிர்ந்து நின்றன. சிறியவள் மூச்சு விடாமல் நம் விரலைப் பற்றிக்கொண்டிருந்தாள். அவை மறைந்த பிறகும் படகில் வெகுநேரம் யாரும் பேசவில்லை. இப்படிப் பேசாதிருக்கும் கூட்டத்தை நாம் நம் சீட்டு வழங்கும் சாளரத்தின் முன்னே ஒருநாளும் கண்டதில்லை.

சற்றுத் தொலைவு சென்றதும் படகோட்டி கரையோர மரம் ஒன்றைக் காட்டி, கை நீட்டி அமர்ந்திருந்த பயணி ஒருவரை எச்சரித்தார். “தில்ல! பாலு கண்ட்லோ படித்தே கண்ணு போத்துந்தி!”

தந்தையார் சட்டென்று திரும்பினார். “தில்லையா? தில்லைன்னா சொல்றார்?”

ஆம், அந்த மரம் தில்லைதான். சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் வருவதற்குக் காரணமான மரம். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வை போகும் என்பது எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும். தெலுங்கில் அது தில்ல. ஓர் ஐகாரம் மட்டுமே குறைவு. தந்தையார் படகின் பின்பக்கம் நகர்ந்து படகோட்டியின் அருகில் அமர்ந்துவிட்டார். “தில்லை, தில்ல” என்று இருவரும் ஒருவருக்கொருவர் சொல்லிச் சிரித்தார்கள்.

அதன் பின் நடந்ததை நாம் எதிர்பார்க்கவில்லை. வாசற்படியில் வாய் திறவாமல் அமர்ந்திருந்த மனிதர் ஒன்றரை மணி நேரம் ஓயாமல் பேசினார். மொழிபெயர்த்தவன் நம் பையன். தமிழ் அவனுக்கு வராது என்று நாம் சங்கக் கூட்டங்களில் குறைபட்டுக்கொண்டிருந்தோமே, அவனேதான். தாத்தா சொன்னதைத் தெலுங்கிலும், படகோட்டி சொன்னதைத் தமிழிலும், திக்கித் திணறி, விளங்காத சொல்லை இரண்டாம் முறை கேட்டு வாங்கி, சொல்லிக்கொண்டே வந்தான். வலைக்கண்ணின் அளவு என்ன, இறால் எந்த நிலவுக்கு ஏறும், நண்டு எப்போது ஓடு கழற்றும்! படகோட்டி அவரைத் ‘தாத்தகாரு’ என்றார். இவர் படகோட்டியைத் ‘தம்பி’ என்றார். நம்மைத் தவிர அவர் தம்பி என்று அழைத்து இங்கு வந்த பிறகு நாம் கேட்டதே இல்லை.

ஓரிடத்தில் காட்டின் உள்ளே, பெரிய வாய்க்காலிலிருந்து இருபுறமும் சாய்வாகச் சிறு வாய்க்கால்கள் பிரிந்து செல்வது தெரிந்தது. தந்தையார் எழுந்து நின்றுவிட்டார். “மீன்முள்ளு வாய்க்கா! இதை நான் வெட்டியிருக்கேன்!”

படகில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். முன்னாளில் இக்காடுகளைப் பகுதி பகுதியாக மொட்டையடித்து வெட்டி எடுத்தார்கள். மரம் போன இடத்தில் வெயில் பட்டு மண் உலர்ந்து, தாழ்ந்து, தாம்பாளம் போலாகும். ஏறிவந்த கடல்நீர் இறங்க வழியின்றி அதில் தேங்கி வற்ற, உப்பு மிகுந்து விதை முளைக்காது. 1990களில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் வனத்துறையுடனும் ஊராருடனும் சேர்ந்து, மீனின் முள்போல வாய்க்கால்கள் வெட்டி, நீர் நாள்தோறும் ஏறி இறங்க வழி செய்து, கன்றுகளை நட்டார்கள். முத்துப்பேட்டையிலும் செய்தார்கள், இந்தக் கோதாவரிக் கழிமுகத்திலும் செய்தார்கள். அப்போது நமக்குப் பத்து வயதிருக்கும். தந்தையார் இடுப்பளவு சேற்றோடு வீட்டுக்கு வருவதும், தாயார் வாசலிலேயே குடம் குடமாக நீர் ஊற்றுவதும் நினைவிருக்கிறது. அது கூலி வேலை என்பது மட்டுமே நாம் அறிந்தது.

“மண்வெட்டிதான். நடுவுல ஒரு பெரிய வாய்க்கா, அதுலேருந்து சாய்ச்சு சாய்ச்சுச் சின்னது. நேரா வெட்டுனா மண்ணு அடைச்சுக்கும். சாய்ச்சுத்தான் வெட்டணும்” என்று அவர் கையைச் சாய்த்துக் காட்டினார். பையன் அதைச் சொல்லி முடிப்பதற்குள் படகோட்டி தம் கையையும் அதே சாய்வில் வைத்து, தாமும் வெட்டியதாகச் சொன்னார். சேறு காய்ந்த இரண்டு கைகளையும் ஒரே கோணத்தில் பார்த்தபோது, ‘விவசாயம்’ என்று நாம் எழுதிய படிவங்கள் எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தன.

முகத்துவாரம் வந்தது. காடு இரு கையாக விலகி, வெளிச்சமும் காற்றும் ஒருங்கே முகத்தில் அடித்தன. எதிரே காக்கிநாடா விரிகுடா. அப்பால் கடலுக்கும் குடாவுக்கும் இடையே நீண்டு கிடந்த மணல்மேடுதான் ஹோப் தீவு. கோதாவரி கொண்டுவந்து சேர்த்த மணலால் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளில் வளர்ந்தது அது. நீளம் பதினாறு கிலோமீட்டர் அளவு. அதன் மறைவில் இருப்பதால்தான் காக்கிநாடாத் துறைமுகத்தில் அலை அடங்கியிருக்கிறது. தை, மாசி மாதங்களில் பங்குனி ஆமைகள் அம்மணலில் ஏறி முட்டையிடும். சிறியவள் ஆமை எங்கே என்று கேட்டாள். அவை இரவில் வரும் என்று சமாதானம் சொன்னோம். பூனையும் இரவில், ஆமையும் இரவில் என்றால் நாம் ஏன் பகலில் வந்தோம் என்று அவள் கேட்டதற்கு நம்மிடம் பதில் இல்லை.

பையன் முதன்முதலாகக் கடலைக் கண்டான். ஒன்றும் சொல்லாமல் விரலை நீரில் நனைத்து நாவில் வைத்துப் பார்த்தான். தாத்தாவைப் பார்த்துத் தலையசைத்தான்.

தந்தையார் பேச்சை நிறுத்திவிட்டிருந்தார். தெற்கே பார்த்துக்கொண்டிருந்தார். இப்படியே கரையை ஒட்டித் தெற்கே போனால் எத்தனை நாளில் ஊர் வரும் என்று கேட்டார். படகிலா, ரயிலிலா என்று நாம் விளையாட்டாகக் கேட்டோம். அவர் விளையாடவில்லை. “தண்ணி திரும்பிடுச்சு” என்றார்.

நமக்கு நீரில் ஒரு மாற்றமும் தெரியவில்லை. சிறிது நேரம் கழித்துப் படகோட்டி, ஓதம் இறங்கத் தொடங்கிவிட்டது, இனி நின்றால் ஓடையில் தரை தட்டும் என்று சொல்லிப் படகைத் திருப்பினார்.

திரும்பும்போது வெளிப்பட்ட சேற்றுப் பரப்பில் உள்ளான்களும் கொக்குகளும் இறங்கியிருந்தன. வரும்போது கண்டதைவிடப் பலமடங்கு பறவைகள். நாம் அவற்றை முழு மனத்தோடு பார்க்கவில்லை. ஊர் ஏக்கம் தணியட்டும் என்று அழைத்து வந்தோம். காக்கிநாடா அன்பர் சொன்னது நடக்கவில்லை, நேர்மாறானது நடந்திருந்தது. இத்தனை பேச்சும் இத்தனை சிரிப்பும் உள்ளே இருந்த மனிதரை வாசற்படியில் உட்கார வைத்துச் சோறு போட்டுக்கொண்டிருந்தோம் என்பது அந்த ஓடையின் ஒவ்வொரு திருப்பத்திலும் உறுத்தியது. அவரை நாம் இங்கே வைத்திருப்பது அவருக்காகவா, ‘தந்தையைத் தனியே விட்டான்’ என்று பிறர் சொல்லக் கூடாது என்பதற்காகவா?

துறையில் இறங்கியதும் படகோட்டி தந்தையாரின் இரு கைகளையும் பற்றிக்கொண்டு ஏதோ சொன்னார். பையன் மொழிபெயர்த்தான்: “மறுபடியும் வாங்கன்னு சொல்றார், தாத்தா.” தந்தையார், “நீ எங்க ஊருக்கு வா, தம்பி. அங்கயும் தில்லை இருக்கு” என்றார்.

இரவு வண்டியில் கீழ்ப்படுக்கையில் அவர் படுத்துக்கொண்டார். இம்முறை அவர் கேட்கவில்லை, நாமே சொன்னோம். “அப்பா, தங்கச்சிக்குப் போன் போட்டுப் பேசறேன். மாசியிலே போகலாமா?” அவர் எழுந்து உட்கார்ந்தார். கஜாவில் இலையிழந்த அலையாத்தி துளிர்த்துவிட்டதாக யாரோ சொன்னார்கள், அதைப் பார்க்க வேண்டும் என்றார். வீட்டைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை.

தங்கை கோபித்துக்கொண்டாள், இத்தனை நாள் ஏன் கேட்கவில்லை என்று. அவள் கோபம் நியாயமானதே. மறுவாரம் நாம் நம் சாளரத்துக்கு வெளிப்புறம் போய் வரிசையில் நின்று, படிவத்தை நம் கையாலேயே நிரப்பினோம். சார்மினார் வண்டியில் சென்னை. அங்கிருந்து, 2019இல் அகலப்பாதையான தடத்தில் முத்துப்பேட்டை. உள்ளே அமர்ந்திருந்த தோழர் படிவத்தைப் பார்த்து, “திரும்பும் பயணம் எழுதவில்லையே?” என்றார். இல்லை என்றோம்.

பையன் மட்டும் விடுவதாக இல்லை. கோடை விடுமுறைக்குத் தனக்கும் ஒரு படுக்கை வேண்டுமாம். தாத்தா வெட்டிய வாய்க்காலைப் பார்க்க வேண்டுமாம். அங்கே நீர்நாய் இருக்குமா என்று கேட்டான். “நரி இருக்கு, ஐயா. ராத்திரி ஊளையிடும்” என்றார் தந்தையார். மே மாதத்து முன்பதிவு திறக்கும் நாளைப் பையன் நாட்காட்டியில் சுழித்து வைத்திருக்கிறான்.